பதினேழு பந்துகள்

என் மாப்ள காஜாவுக்கு,

நலமா என்று எழுதத்தான் கை போகிறது. நாற்பது வருடப் பழக்கம், சட்டென்று விடுமா? கேட்டதாகவே வைத்துக்கொள்.

நீ போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. எனக்கு கோல்ஃப் ஆட வரவில்லை. இதைச் சொல்லவா கடிதம் என்று நீ சிரிப்பாய். "ஒனக்கு எப்ப மச்சான் வந்துச்சு?" என்பாய். இது வேறு, மாப்ள. அப்போதெல்லாம் அடித்த பந்து எங்கே போகும் என்றுதான் தெரியாது. இப்போது மட்டையே கீழே இறங்க மாட்டேன் என்கிறது. பின்னால் தூக்குகிறேன், தோளுக்கு மேலே போகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. யாரோ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்ட மாதிரி. இருபத்தாறு வருடமாகப் பதினோராம் வகுப்புக்கு ஊசலைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். மேலே போன குண்டு கீழே வந்தே தீரும் என்று கரும்பலகையில் எழுதுகிறேன். எழுதிய அதே கை மறுநாள் காலையில் அந்தரத்தில் நிற்கிறது.

இதை நான் ஒளித்து வைக்கப் போவதில்லை, நம்மைத் தெரியாதவர்களும் படிக்கலாம். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ தோல் வியாபாரி, நான் இயற்பியல் வாத்தியார். திண்டுக்கல்லில் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து நீ எனக்கு மாப்ள, நான் உனக்கு மச்சான். உனக்குக் கல்யாணமானதும் நூர்ஜகான் எனக்குத் தங்கச்சி ஆனாள். நாற்பத்தெட்டு வயதில் நீ ஒருமுறை சென்னைக்குப் போனாய். வெளிநாட்டிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர் உன்னை கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப்போய்க் கையில் ஒரு மட்டையைக் கொடுத்தார். ஏழு பந்து வைத்து ஆறைத் தவறவிட்டாய். ஏழாவது பறந்தது. ஊருக்கு வந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் என் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாய்.

"கையில ஒண்ணுமே தெரியல மச்சான். அடிச்சேனான்னே சந்தேகம். நிமிந்து பாத்தா பந்து அங்கிட்டுப் போயிக்கிட்டே இருக்கு. இத நாம படிச்சே ஆகணும்."

படித்தோம். ஊருக்கு வெளியே உங்கள் அத்தா உனக்கு விட்டுப்போன, மூடிக் கிடந்த தோல் ஷெட்டுக்குப் பின்னால், பந்தலுக்குக் கட்டும் நைலான் வலையை நாலு மடிப்பாக மடித்துக் கட்டினோம். தேங்காய் நார் மிதியடிதான் புல்தரை. பழைய மட்டைகள் நிறைந்த பை ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்தாய். விடியற்காலையில் நிலக்கோட்டை பூ வேன் சாலையைக் கடக்கும் நேரத்துக்கு நாம் ஆரம்பித்திருப்போம். போனில் பார்த்துத்தான் எல்லாப் பயிற்சியும். அக்குளில் துண்டை இடுக்கிக்கொண்டு, அது விழாமல் மட்டையைச் சுழற்ற வேண்டும். முதல் நாள் என் துண்டு விழுந்தது, உன் கைலியே விழுந்தது. இரண்டு காலையும் ஒட்டி வைத்து அடிப்பது, கண்ணை மூடி அடிப்பது, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி அடிப்பது. மில் பஸ்ஸில் போகிற பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிப்பார்கள். நீ கையை ஆட்டுவாய்.

கொடைக்கானல் மைதானத்தில் ஒருநாள் பதினெட்டுக் குழியையும் நூறு தடவை அடிப்பதற்குள் முடிக்க வேண்டும். அதுதான் உன் கனவு. அதற்காக நீ போட்ட சட்டம், தினம் நூறு பந்து, நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் கை மறந்துவிடும் என்பாய்.

சட்டம் போட்டவன் நீதான். அதைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே.

இனி நான் சொல்லப் போவதை உன்னையும் என்னையும் தவிர நம் இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியாமல் ஒரு வருடம் வைத்திருந்தேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. சிறுமலை பக்கத்தில் தெரிந்தது. நீ முப்பது பந்து அடித்துவிட்டு மட்டையைச் சுவரில் சாய்த்தாய்.

"மச்சான், நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது. நேத்துத் தின்ன கொழுப்பா இருக்கும். செத்த நேரம் உக்காருறேன்."

"உக்காரு. நான் முடிச்சுட்டு வாரேன்," என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் தெரியுமா? அன்றைக்குத்தான் எனக்குப் பந்து வந்துகொண்டிருந்தது. மூன்று வருடத்தில் முதல்முறையாக ஒவ்வொன்றும் மட்டையின் நடுவில் பட்டது. நீ சென்னையில் கண்டதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். விட்டால் போய்விடும் என்று பயந்தேன்.

சத்தமாக எண்ணி அடித்துக்கொண்டிருந்தேன். எழுபத்து மூன்று என்று சொன்னபோது நீ "சவரி" என்றாய்.

என்றைக்காவது நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாயா? பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து மச்சான்தானே? அந்த ஒரு சொல்லே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? "இருடா" என்றேன். எழுபத்து நான்கு என்றேன். தொண்ணூறாவது பந்து நான் இதுவரை அடித்ததிலேயே நல்ல பந்து. பார்த்தாயா என்று கேட்கத்தான் திரும்பினேன்.

சிமெண்டுத் திட்டில், சுவரில் சாய்ந்து இருந்தாய். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வலது கை என் பக்கமாக நீண்டிருந்தது.

ஆட்டோவில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு போனேன். டாக்டர், "வலி எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார். "இப்பத்தான் டாக்டர்" என்றேன். வீட்டில் நூர்ஜகான் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கஷ்டப்படலையேண்ணே? கஷ்டப்படலதான?" என்று கேட்டாள். "இல்லம்மா, பேசிக்கிட்டே இருந்தான், சட்டுனு போயிட்டான்" என்றேன். அவள் தலையை ஆட்டி, "அல்லா அம்புட்டு இரக்கம் காட்டுனானே" என்று அழுதாள். நான் சொன்ன பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அன்றைக்கு எழுந்து நின்றாள், மாப்ள. அதை எப்படிப் பிடுங்குவேன்?

வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கும் நாலு மாத இத்தா முடிந்த வாரம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். ஆட்டோவில் உன் மட்டைப் பை இருந்தது.

"இது வீட்டுல கெடந்தா எனக்கு மூச்சு முட்டுதுண்ணே. நீங்க வச்சுக்கங்க. கொடைக்கானல்ல ஒருவாட்டி அவருக்காக ஆடிட்டு வாங்க. நூத்துக்குள்ள, நூத்துக்குள்ளன்னு தூக்கத்துலகூடப் பெனாத்துவாரு. நீங்க அடிச்சா அவரு அடிச்ச மாதிரி."

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன சொல்ல முடியும்? மறுநாள் காலையில் ஷெட்டுக்குப் போய் முதல் பந்தை வைத்தேன். அன்றைக்குத்தான் கை மேலேயே நின்றது.

பத்து நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆனது. நூறு பந்தை இருநூறு ஆக்கினேன், முந்நூறு ஆக்கினேன். பந்தே இல்லாமல் சுழற்றினால் கை வழுக்கிக்கொண்டு வருகிறது. பந்து ஒன்றை வைத்துவிட்டால் அவ்வளவுதான். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்து உடைந்தன. துணி சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். செலின் ஒருநாள் மருந்து போட்டுவிட்டுக் கையை விடாமல் சொன்னாள்.

"இருபத்து மூணு வருசமா ஒங்களோட இருக்கேன். இது வெளையாட்டு மாதிரி இல்லீங்க. எதுக்கோ தண்டனை மாதிரி இருக்கு. என்னன்னு சொல்லுங்களேன்."

என் பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை.

பிறகு கோயம்புத்தூரில் ஒரு பயிற்சியாளரைப் பிடித்தேன். பவித்ரா என்று பெயர், நம் பிள்ளைகள் வயதுதான். ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் போனேன். ஒட்டன்சத்திரத்தில் கேரளாவுக்குப் போகிற காய்கறி லாரிகள் சாலையை அடைத்துக்கொள்ளும். பஸ் நிற்கும். நான் உட்கார்ந்த இடத்திலேயே மணிக்கட்டை மடக்கி மடக்கிப் பார்ப்பேன். பக்கத்து இருக்கைக்காரர், வாதமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்தப் பெண் ரொம்பப் பொறுமை. மட்டையைப் பாதி உயரம் மட்டும் தூக்கவிட்டாள். வாயில் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அடிக்கச் சொன்னாள். நான் பந்தில்லாமல் முன்னும் பின்னும் ஊஞ்சல் போல ஆட்டிக்கொண்டே இருக்க, நடுவில் அவள் குனிந்து ஒரு பந்தை உருட்டிவிடுவாள். அப்படி மூன்று பந்து பட்டது. ஆறு மாதத்துக்குப் பிறகு மூன்று பந்து! நான் அழுதுவிட்டேன். நாலாவதில் கை நின்றது.

அவள் என்னைப் படம் பிடித்த போனைக் காட்டினாள். "ஏனுங்க சார், நீங்களே பாருங்க. தோளு நல்லாத் திரும்புதுங்க. பிடி சரிதானுங்க. மேல போனதும் மட்டும் தலைய லேசாச் சாய்க்கறீங்க பாருங்க. பின்னாடி யாரோ கூப்பிடறத உத்துக் கேக்கற மாதிரி."

பார்த்தேன். என் காது, ஷெட்டில் உன் சிமெண்டுத் திட்டு இருக்கிற பக்கமாகச் சாய்ந்திருந்தது. கோயம்புத்தூரில், மாப்ள.

ஒன்பதாவது சனிக்கிழமை அவளே சொன்னாள். "இனிமே வராதீங்க சார். தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லிக் குடுத்துட்டனுங்க. உங்களுக்குக் கையில ஒண்ணுமில்லீங்க." நான் அவளிடம் கெஞ்சினேன். ஐம்பத்திரண்டு வயது வாத்தியார், மகள் வயதுப் பெண்ணிடம், இன்னும் ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் என்று கெஞ்சினேன். அவள் கண் கலங்கியதே தவிர முடிவை மாற்றவில்லை.

மாதா கோயிலுக்குப் போய் நடந்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்தார், ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். கோயிலை விட்டு நேரே ஷெட்டுக்குப் போய் ஒரு பந்தை வைத்தேன். இறங்கவில்லை. கடவுள் மன்னித்தது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் நான் பொய் சொன்னது கடவுளிடம் இல்லையே.

போன மாதம் நூர்ஜகான் போன் பண்ணினாள். குரலில் ரொம்ப நாள் கழித்து ஒரு தெளிச்சி.

"அண்ணே, கொடைக்கானல்ல ரூம் போட்டுட்டேன். நானும் வாரேன். செலின் மதினியையும் கூட்டிட்டு வாங்க. ஒரு ஓரமா நின்னு பாத்துக்குறேன். அவரு ஆடுறாருன்னு நெனச்சுக்குறேன்."

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் உன் தோல் கிட்டங்கிக்குப் போனேன். உன் நாற்காலியில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். வேலைக்காரர்கள் அவளுக்குப் பயப்படுகிறார்கள், தோலைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்கிறாள். நீ பார்த்தால் அசந்துபோவாய். டீ சொன்னாள். டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சு அடைக்கிறது என்று நீ சொன்னதை. நான் திரும்பாததை. சவரி என்று கூப்பிட்டதை. டாக்டரிடம் சொன்ன பொய்யை, அவளிடம் சொன்ன பொய்யை.

அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கூப்புட்டதுக்கு அப்புறம் எத்தன பந்து அடிச்சீங்க?"

"பதினேழு."

டீ வந்தது. அவள் எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஆட்டோவை நிறுத்தினாள். "ஏறுங்க" என்றாள்.

ஷெட்டுக்குப் பின்னால் வந்ததும், "எங்க உக்காந்திருந்தாரு?" என்றாள். காட்டினேன். அந்தத் திட்டில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, போனைக் கையில் எடுத்தாள்.

"அடிங்க. பதினேழும் அடிங்க. எம்புட்டு நேரம் ஆவுதுன்னு நான் பாக்கணும்."

பந்தை வைத்தேன். மட்டையைத் தூக்கினேன். நின்றது. "கை வரலம்மா" என்றேன்.

"அன்னிக்கு வந்துச்சுல்ல?"

மாப்ள, அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். கை எப்படியோ இறங்கியது. முதல் பந்து பக்கச் சுவரில் அடித்துத் திரும்பியது. இரண்டாவது நகரவே இல்லை, மிதியடி நாரைத்தான் பெயர்த்தேன். அவள் பின்னாலிருந்து எண்ணினாள். மூணு. நாலு. ஒவ்வொரு எண்ணுக்கும் என் முதுகு சுருங்கியது. வாய்விட்டு அழுதுகொண்டேதான் அடித்தேன். ஒன்றுகூட நேராகப் போகவில்லை. பதினேழு என்று அவள் சொன்னதும் மட்டையைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஒம்பது நிமிசம்," என்றாள்.

சாலையில் ஷிப்ட் முடிந்த மில் பஸ் போனது. பிறகு அவள் எழுந்து வந்து, கீழே கிடந்த மட்டையை எடுத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். ஒரு பந்தைக் காலால் தள்ளி மிதியடியில் வைத்து ஓங்கி வீசினாள். படவில்லை. மறுபடியும் வீசினாள். படவில்லை. மூன்றாவது தடவை பந்து இரண்டடி உருண்டு நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கா?" என்றாள். என்னிடம் கேட்டாளா, உன்னிடம் கேட்டாளா என்று தெரியவில்லை. அப்போதுதான் அழுதாள்.

அழுது ஓய்ந்ததும் மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னாள். "நெசத்தச் சொல்லியிருந்தா டாக்டர் என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியாது. முன்னாடியே போயிருந்தாலும் பொழைச்சிருப்பாரோ என்னவோ. அது அல்லாவுக்குத் தெரியும். ஆனா அவரு அந்த ஒம்பது நிமிசமும் தனியா இருந்திருக்காரு. அத என்னால மன்னிக்க ஏலாதுண்ணே. மிச்ச நாப்பது வருசமும் நீங்க அவரு மச்சான்தான். அதுல நான் கை வைக்கல. இந்த ஒம்பது நிமிசத்த மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க."

கேட்க மாட்டேன் என்றேன்.

அன்றைக்கே கொடைக்கானல் ரூமை ரத்து செய்துவிட்டாள். வீட்டுக்குப் போய் செலினிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கை சரியாகிவிட்டதா என்று கேட்பாய். இல்லை. போன சனிக்கிழமை நாற்பது பந்து வைத்தேன், பதினொன்றுக்குக் கை மேலேயே நின்றுவிட்டது. மீதி இறங்கியது, அசிங்கமாக. நின்றவற்றை நான் வற்புறுத்தவில்லை. மட்டையைத் தாழ்த்தி, திட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த பந்தை வைக்கிறேன். இது எந்தப் பயிற்சியிலும் கிடையாது. பவித்ரா பார்த்தால் திட்டுவாள். இது தேறுகிற வழிதானா, மாப்ள? இல்லை, இப்படியே ஒரு கிறுக்கனாக ஆகிக்கொண்டிருக்கிறேனா?

மூன்று வாரம் நூர்ஜகானிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. நானும் போன் பண்ணவில்லை, அதற்கு எனக்கு என்ன முகம் இருக்கிறது? நேற்று நோன்பு தொடங்கியது. சாயங்காலம் உங்கள் ஆட்டோக்காரர் வந்து ஒரு தூக்குவாளியைக் கொடுத்துவிட்டுப் போனார். நோன்புக் கஞ்சி. சொல்லி அனுப்பிய வார்த்தை ஒன்றும் இல்லை. செலின் இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். சூடாக இருந்தது. மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அதில் எதைப் போட்டு அனுப்புவது என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று உன்னிடம்தான் கேட்டிருப்பேன்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். அவள் வருகிறேன் என்று சொல்லும் நாளில் கொடைக்கானல் போவேன். நூற்றைம்பது ஆனாலும், கை பதினெட்டு இடத்திலும் நின்றாலும், கடைசிக் குழி வரை அவள் கண் முன்னால் ஆடுவேன். அவள் வராவிட்டால் போக மாட்டேன், உன் பை என் வீட்டில் இருக்கும். யார் கேட்டாலும் ஒன்பது நிமிடம் என்றே சொல்வேன். ஒரு நொடியும் குறைக்க மாட்டேன்.

நீ கூப்பிட்டபோது திரும்பாத,
உன் மச்சான்
சவரிமுத்து